முன்னச்சின் உடையாத முனை

தை 27, செவ்வாய்

இன்று தேர்க்கொட்டகையில் இருந்தவர்கள்: என் தம்பி வையாபுரி, அவன்தான் தேர்க் கமிட்டித் தலைவன். குருக்கள். முட்டுக்கட்டை போடும் நல்லுசாமி. என் நாத்தனார் காத்தாயி, அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. லால்குடியிலிருந்து வந்த பழைய இரும்புக்காரர், பெயர் சொல்லவில்லை, காதில் கடுக்கன் போட்டிருந்தார். அவருடைய லாரி டிரைவர். அப்புறம் நான். பின்னால் யாராவது மாற்றிப் பேசினால் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த டைரி உரக்கடையில் பேத்தி யாழினிக்குக் கொடுத்தது. அவள் இரண்டு பூ வரைந்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டாள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கோணலாக இருந்தாலும் என் ஞாபகம் கோணாது.

உடைந்த முன்னச்சை ஏற்றிக்கொண்டு போகத்தான் லாரி வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. காத்தாயி வேடிக்கை பார்க்க ஓடுவதைப் பார்த்துத்தான் நானும் போனேன். போய் அச்சின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வையாபுரி வந்து, "அக்கா, எந்திரி. ஊரே பாக்குது" என்றான்.

"பாக்கட்டும். போன பங்குனியிலயும் ஊரே பாத்துக்கிட்டுத்தான் நின்னுச்சு."

"ஒடஞ்ச இரும்பு. கெடந்தா துருதான் ஏறும். வித்துட்டுப் புது அச்சு செய்யப் போறோம்."

"என் மகன் ரத்தம் பட்ட இரும்பு. தேர் ஓடறவரைக்கும் இங்கதான் கெடக்கும். ஏத்தறதுன்னா என்னையும் சேத்து ஏத்து."

பழைய இரும்புக்காரர் சிரித்தார். "ஆயி எடைக்கு வராதுங்களே" என்றார். அவர் முகத்தையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். லாரி வெறுமனே திரும்பியது.

நடந்ததை ஒரு தடவை எழுதி வைக்கிறேன். எங்கள் தேருக்கு முன்னச்சு, பின்னச்சு என்று இரண்டு இரும்பு அச்சு. போன வருஷம் பங்குனி உத்திரத்தன்று மேலத்தெரு முக்கில் தேர் திரும்பியது. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பார்கள். வலது முன் சக்கரத்துக்குக் கட்டை போடுவது எங்கள் வீட்டு உரிமை. என் மாமனார் போட்டார், அப்புறம் என் வீட்டுக்காரர் போட்டார், இப்போது என் மகன் மருதை. அவன் கட்டையைக் கொடுத்தான், அச்சின் வலது முனை ஒடிந்தது, சக்கரம் சாய்ந்து அவன் வலது கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இடது சக்கரத்துக்காரன் நல்லுசாமி ஊர்க்கூட்டத்தில், "மருதை ஒரு முழம் முன்னாடியே கட்டையப் போட்டுட்டான், தேர் குலுங்கித்தான் அச்சு போச்சு" என்றான். உரிமையைப் பிடுங்கி நல்லுசாமியின் மச்சானுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குத் தலைமையில் உட்கார்ந்திருந்தவன் வையாபுரிதான். "அவசரப்பட்டுட்டான், என்ன பண்றது" என்று அவனும் சொல்லத்தான் செய்தான். தலைவன் என்றால் சொந்தம் பார்க்க முடியாது. அதனால் அவன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.


தை 29, வியாழன்

தம்பி வீட்டிலிருந்து பால் வந்தது. மருதையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாள் முதல் ஒரு நாள் விடாமல் வருகிறது. செயற்கைக் காலுக்கும் அவன்தான் மதுரை வரை அலைந்தான்.

"பெரியப்பா மகன், சித்தப்பா மகன்லாம் எட்டிக்கூடப் பாக்கல. மாமா மட்டும் ஏன் இவ்வளவு செய்யிறாரு?" என்று மருமகள் தவமணி கேட்டாள்.

"ஏன்னா அவன் என் கூடப்பிறந்தவன்" என்றேன். இவள் வீட்டில் கூடப்பிறந்தவர்கள் எப்படி என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்த இவளுடைய அண்ணன் பந்தியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவன்.


மாசி 2, சனி

வையாபுரி மகள் செண்பகத்துக்கு வளைகாப்பு. உறையூர்ச் சம்பந்தியம்மாவும் வந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா மதினி" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். "இருக்கேன்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

போன மாசியில் செண்பகத்தின் நிச்சயதார்த்தத்தில் அவள் பேசியது எனக்கு மறக்காது. அன்றைக்குத் தேருக்கு வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. அச்சில் சக்கரம் உள்பக்கம் நகராமல் தடுக்க நாலு முனையிலும் ஒரு இரும்பு வளையம் வைத்துப் பற்றவைத்தார்கள். அந்த வளையங்கள் வையாபுரியின் உபயம். நாங்கள் எல்லோரும் காலையிலேயே வேனில் உறையூர் போய்விட்டோம். பெண்ணைப் பெற்றவன் தேர் வேலையைப் பார்த்துவிட்டு, தட்டு மாற்றும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். பட்டுக்கரை வேட்டியில் முழங்கால் வரை சாம்பல். அந்த அம்மாள் அத்தனை பேருக்கு நடுவில், "என்ன மதினி, ஒங்க தம்பி அடுப்பு மொழுகிட்டு வாராரா?" என்று கேட்டாள்.

"தேர் வேலை. சாமி காரியம். ஒங்க வீட்டுல யாரும் செஞ்சதில்லயோ?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். தம்பியைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நான்தான் துடைத்துவிட்டேன். லேசில் போகவில்லை. குழைத்த மாவு மாதிரி அப்பியிருந்தது.

வளைகாப்புச் சாப்பாட்டில் புளியோதரை நன்றாக இருந்தது. வையாபுரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.


மாசி 5, செவ்வாய்

திருச்சியிலிருந்து காலேஜ்காரர்கள் வந்தார்கள். அச்சைச் சோதித்து எழுதிக் கொடுத்தால்தான் இந்த வருஷம் தேரோட அனுமதியாம். வந்த அம்மாவின் பெயர் ஹேமலதா. நாற்பது வயது இருக்கும். தலையில் பூ இல்லை, பேச்சில் பிசிறு இல்லை. கூட ஓர் ஆள், இரண்டு பெட்டிகள்.

முதலில் நல்லுசாமி, "சாமி தேருங்க. துளை கிளை போடப்படாது. வெட்டிப் பாக்கற வேலையே கூடாது" என்றான்.

"துளை போட்டுப் பார்க்கிற முறையும் இருக்குங்க. நாங்க கொண்டுவந்தது அது இல்ல. எக்ஸ்ரே. பெயிண்ட்டைக் காசளவு சுரண்டுவோம், அவ்வளவுதான். இரும்புக்கு ஒரு காயமும் படாது."

"எக்ஸ்ரேல என்ன தெரியும்? எலும்பு முறிஞ்சது மாதிரி தெரியுமா?"

"விரிசல் பார்க்கிறது வேற. இது இரும்புக்குள்ள இருக்கிற ஸ்ட்ரெஸ்ஸைப் பார்க்கிறது."

அங்கே நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். "இரும்புக்கே ஸ்ட்ரெஸ்ஸுன்னா எங்களுக்கெல்லாம் என்னங்க வைத்தியம்?" என்று ஒருவன் கேட்டான். அந்த அம்மா கோபப்படவில்லை. கட்டைச் சுவரில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன்.

வெல்டிங் போடும்போது அந்த இடம் மட்டும் உருகுகிற அளவுக்குக் கொதிக்கிறது. ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் இருக்கிற இரும்பு விடாது. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்தபடியே ஆறிப்போகும். வெளியிலிருந்து பாரம் ஒன்றும் ஏற்றாவிட்டாலும் உள்ளே இழுப்பு நின்றுவிடும். மெதுவாக ஆறினால் இழுப்புக் குறையும். சட்டென்று ஆறினால் கூடும், இரும்பும் மொறுமொறுப்பாகிவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இரும்புக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்குமாம், இழுபட்டால் வரிசைக்கு நடுவே இடைவெளி மாறுமாம், எக்ஸ்ரே பட்டுத் திரும்புகிற சாய்வை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

"வெளிய அமைதி, உள்ளுக்குள்ள வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே நிக்குமா?" என்று காத்தாயி கேட்டாள். "அப்ப எங்க அண்ணி மாதிரின்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமே டீச்சர்."

ஹேமலதா அம்மாவும் சிரித்துவிட்டாள். காத்தாயிக்கு இதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

பின்னச்சை மட்டும் பார்த்தால் போதும் என்றான் வையாபுரி. "அதுதான் தேர்ல மாட்டியிருக்கு. முன்னச்சு புதுசு வருது."

நான் போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, ஒடஞ்சதையும் பாக்க முடியுமா?"

"பார்த்தா ரொம்ப நல்லதும்மா. ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு வேணும்னு நானே கேட்கணும்னு இருந்தேன். இன்னும் இருக்கா? வித்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

"விக்கத்தான் பாத்தாங்க. நான் மேல ஒக்காந்துட்டேன்."

வையாபுரி, "சரி, பாருங்க" என்றான். துண்டால் முகத்தைத் துடைத்தான். வெயில் இன்னும் ஏறவில்லை.


மாசி 6, புதன்

கயிறு கட்டி எங்களை எல்லாம் தூர நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே மேலே பட்டால் ஆகாதாம். பின்னச்சின் இரண்டு முனை, முன்னச்சின் இரண்டு முனை, ஒவ்வொன்றிலும் வளையத்தைச் சுற்றிப் பல இடம் பார்த்தார்கள். துப்பாக்கி மாதிரி ஒன்றை இரும்புக்குக் கிட்டே நிறுத்துவது, காத்திருப்பது, கொஞ்சம் சாய்ப்பது, மறுபடி காத்திருப்பது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் கால் கடுக்கும். மத்தியானம் நான் தயிர்சாதம் கொடுத்தனுப்பினேன். ஊர்க்காரர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வெல்டிங் போட்ட சவரிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வருஷமாக அப்படித்தான். மருதை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றவனை வாசலோடு அனுப்பினேன்.

ஹேமலதா அம்மா கேட்டது, அவன் சொன்னது, இரண்டும் என் காதில் விழுந்தன.

"பின்னச்சு ரெண்டு முனையும் மொத நாளே முடிச்சேங்க. முன்னச்சு ரெண்டும் மறுநாள். போடறதுக்கு முன்னாடி நல்லாச் சூடேத்திட்டுத்தான் போட்டேன். ஒரே கம்பெனி ராடு, ஒரே கையி."

"முடிச்சதும்?"

"உமிச் சாம்பலப் போட்டு மூடினேன், மேல கோணி. நாலு முனைக்கும் அதேதான். மறுநாள் காலைல வரைக்கும் யாரும் தொறக்காதீங்கன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். புள்ளம்பாடியில ஒரு கோயிலுக்கு இரும்புக் கேட்டு போடற வேலை, போயிட்டேன். மறுநாள் காலைல வந்தா முன்னச்சு சாம்பல் ஒதுங்கிக் கெடந்துச்சு. ஈரமா இருந்துச்சு. அன்னிக்கு விடியக்காலம் தொறந்து கும்பத் தண்ணி ஊத்திட்டாங்க போலன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஆறியிருக்கும்னு விட்டுட்டேன்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சேங்க. பேச விடல."

பேச விடாதவர்கள் பலர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.


மாசி 8, வெள்ளி

பாத்திரம் விளக்கச் சாம்பல் நனைத்தேன். கையில் மாவு மாதிரி ஒட்டியது. வேறு ஒன்றும் இல்லை.


மாசி 10, ஞாயிறு

தம்பியே பால் கொண்டுவந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அந்தக் காலேஜம்மா ஒங்கிட்ட ஏதும் சொல்லிச்சா அக்கா?"

"எங்கிட்ட என்னத்தச் சொல்லப் போவுது. நான் படிச்சவளா?"

"சும்மா கேட்டேன்."

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாம். வயலுக்குப் போவணும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் வயலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. இளைத்திருக்கிறான். தோள் எலும்பு தெரிகிறது. அவன் பெண்டாட்டி சரியாகக் கவனிப்பதில்லை. அவள் வந்த நாளிலிருந்தே நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.


மாசி 12, செவ்வாய்

குருக்களைப் பார்க்கப் போனேன். உண்டியல் பக்கம் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். போன மாசியில் தேர் அச்சுக்குத் தண்ணீர் தெளிக்க எப்போது நேரம் குறித்தீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு நேரம் கொடுத்தேனே. வெல்டிங் முடியற அன்னிக்கு ஒண்ணு, மறுநாள் காலம்பற ஒண்ணு. எது சௌகரியமோ பண்ணிக்கோங்கோன்னேன்."

"எதுல பண்ணினாங்க?"

அவர் விளக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "உபயதாரர் கையால முதல் தண்ணி விடணும்கிறது வழக்கம். நான் கும்பத்தைக் கொடுத்தேன். எப்ப விட்டாங்கன்னு நான் போய்ப் பார்க்கலை. இதை நீங்க ஏன் என்னைக் கேக்கறேள்? வீட்டுல கேக்கலாமே."

வழியில் யாழினிக்குக் கடலை மிட்டாய் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் இடுப்பு வலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.


மாசி 16, சனி

நாளைக்கு ஊர்க்கூட்டம். அறிக்கை வந்துவிட்டதாம், ஹேமலதா அம்மாவே வந்து படித்துக் காட்டுவாளாம்.

மருதை காலைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கூட்டத்துல நீ ஒண்ணும் பேச வேணாம்மா" என்றான்.

"நான் என்னத்தப் பேசப் போறேன்?"

"ஒம் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? ஒரு வாரமா மாமா வீட்டுப் பால நீ குடிக்கல. தவமணியும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."

எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"கட்டைய நான் சரியாத்தான் போட்டேன். அது எனக்குத் தெரியும். அது போதும். மாமா இல்லன்னா இந்தக் காலு ஏது? விட்டுரு."

"ஊருக்குத் தெரியுமாடா? நாளைக்கு யாழினியக் கட்டிக் குடுக்கற எடத்துல, தேர ஒடச்சவன் மகன்னு சொல்லுவான்."

"மகள்னு சொல்லுவான்" என்று சிரித்தான். என் மகன் இப்படித்தான். சிரித்தே எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்துவிடுவான். அவர் மாதிரி.


மாசி 17, ஞாயிறு

இன்று கூட்டம். கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்கள் தூணுக்கு இந்தப் பக்கம். மருதைக்கு நாற்காலி போட்டார்கள், போன தடவை போடவில்லை. சவரிமுத்து செருப்பு விடும் இடத்திலேயே நின்றான்.

ஹேமலதா அம்மா எண்ணெல்லாம் படிக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னாள்.

"பின்னச்சு ரெண்டு முனையும் நல்லாருக்கு. இழுப்புக் கம்மி. ஓட்டலாம். முன்னச்சுல ஒடிஞ்ச முனையை வச்சு நான் பேச மாட்டேன். ஒடிஞ்சப்பவே உள்ள இருந்த இழுப்புப் பாதி விட்டுப்போயிருக்கும். ஆனா அதே அச்சோட இன்னொரு முனை, இடது முனை, அது ஒடியல. அதுல இழுப்பு எவ்வளவு இருக்குன்னா, இரும்பு தாங்கற அளவுக்குக் கிட்டத்தட்ட முழுசும். எந்தப் பாரமும் ஏத்தாம, சும்மா தரையில கிடக்கிறப்பவே."

"அப்படின்னா?" என்றான் நல்லுசாமி.

"அதுவும் ஒடிய வேண்டியதுதான். வலது முந்திக்கிச்சு. கட்டை போட்டா ஒரு குலுக்கல் இருக்கும், வருஷா வருஷம் இருக்கிறதுதான். நல்ல அச்சு அதைத் தாங்கும். இந்த அச்சு எந்தக் குலுக்கலுக்கும் ஒடிஞ்சிருக்கும். உங்க கட்டைக்கே கூட."

நல்லுசாமி தலையைக் குனிந்துகொண்டான். மண்டபத்தில் சத்தம் எழுந்தது. தவமணி என் கையைப் பிடித்தாள்.

"ஏன் அப்படி ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொதிக்கக் கொதிக்க இருக்கறப்ப எதுவோ அதைச் சட்டுன்னு ஆற வச்சிருக்கு. எது, யாருன்னு கருவி சொல்லாது. அது என் வேலையும் இல்ல."

அப்போது வையாபுரி எழுந்தான். தலைவன் குரலில் பேசினான். "அப்ப மருதை மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. அவன் உரிமைய அவனுக்கே திருப்பிக் குடுத்துடுவோம். ஊருக்குச் சம்மதந்தானே?"

எல்லோரும் சம்மதம் என்றார்கள். நான் ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. அங்கேயே முடிந்திருக்கலாம்.

"மறுபடி இது மாதிரி ஆகக் கூடாது" என்று அவன் தொடர்ந்தான். "மாசியில ஒரு மழை வந்துச்சு. மூடினது சரியில்ல, மழைத் தண்ணி எறங்கியிருக்கு. சவரிமுத்துக்கு இனிமே நம்ம கோயில் வேலை குடுக்க வேணாம்."

சவரிமுத்து வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஒரு வருஷத்துக்கு முன்னால் பேச முயன்று கண்டது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். எனக்கும் ஞாபகம் இருந்தது.

மருதை என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தான். நான் எழுந்துவிட்டேன்.

"தம்பி, மழை என்னிக்குடா வந்துச்சு?"

"அக்கா, ஒக்காரு. வீட்டுல பேசிக்கலாம்."

"செம்பகம் நிச்சயதார்த்தம் அன்னிக்கு ஒறையூர்லயும் மழை இல்ல, இங்கயும் மழை இல்ல. வேன் வந்த வழியெல்லாம் புழுதி. ஒம் பொண்டாட்டி முந்தானையால மூக்க மூடிக்கிட்டு வந்தா. ஆனா ஒன் வேட்டியில இருந்த சாம்பல் ஈரமா இருந்துச்சு. நான்தான்டா தொடச்சேன். இந்தக் கையாலதான். கொழகொழன்னு இருந்துச்சு. மூடின சாம்பல் எப்படி ஈரமாச்சு, எப்படி ஒன் முழங்காலுக்கு வந்துச்சு?"

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். காத்தாயிகூட.

வையாபுரி தூணைப் பார்த்தான். குருக்களைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தான். தலைவன் குரல் போய்விட்டது.

"மறுநாள் நான் இங்க இருக்க முடியாது அக்கா. சம்பந்தி வீட்டுல தங்கணும்னாங்க. மொதத் தண்ணி என் கையால விடணும்ல, என் உபயமாச்சே. சாம்பலக் கொஞ்சம் ஒதுக்கிட்டு முனைக்கு ஒரு சொம்புதான் ஊத்தினேன். சொய்ங்குனு ஒரு சத்தம். ஆவி வந்துச்சு. சாமி ஏத்துக்கிச்சுன்னு கும்புட்டுட்டு வந்தேன். எனக்கு என்ன தெரியும், சொல்லு. தண்ணிதானே."

"ஒடஞ்சப்பத் தெரியலயா?"

அவன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

ஹேமலதா அம்மா காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தாள். "தெரியாம செஞ்சது" என்று மட்டும் சொன்னாள். அவள் அச்சைப் பற்றிச் சொன்னாள். நான் அச்சைப் பற்றிக் கேட்கவில்லை.


மாசி 18, திங்கள்

பால் வந்தது. கேனைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். பால் வீணாகவில்லை.

சாயங்காலம் சவரிமுத்து வந்தான், மருதையைப் பார்க்க. உள்ளே வந்து உட்கார் என்றேன். காப்பி கொடுத்தேன், பெரிய டம்ளரில். அவன், "நல்லாருக்கீங்களா ஆயி" என்று கேட்டான். "இருக்கேன். ஒன் பிள்ளைங்க என்ன படிக்குது?" என்று கேட்டேன். இரண்டு பெண்களாம். பெரியவள் பத்தாவது. போகும்போது முறுக்குக் கட்டிக் கொடுத்தேன். ஹார்லிக்ஸ் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.


பங்குனி 18, புதன். உத்திரம்

தேர் ஓடியது. புது முன்னச்சு. சவரிமுத்துதான் பற்றவைத்தான், மூன்று நாள் சாம்பலுக்குள் வைத்திருந்தான், கிட்டே போனவர்களை நானே விரட்டினேன். புது அச்சையும் காலேஜ்காரர்கள் வந்து எக்ஸ்ரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்கள்.

மருதையால் சக்கரத்தோடு ஓட முடியாது. தவமணியின் அண்ணன் மகன் ஓடினான். ஆனால் மேலத்தெரு முக்கில் தேர் நின்றது. மருதை நாற்காலியிலிருந்து எழுந்து, செயற்கைக் காலை அழுத்தி ஊன்றி, குனிந்து கட்டையைக் கொடுத்தான். சரியாகத் திரும்பியது. தேர் கொஞ்சம் குலுங்கியது, வருஷா வருஷம் குலுங்குகிற மாதிரி. யாழினி கத்தின கத்தலில் என் காது அடைத்துவிட்டது.

நல்லுசாமி தேர் நிலைக்கு வந்ததும் மருதையைக் கட்டிப் பிடித்து அழுதான். மன்னித்துவிட்டேன். பழைய இரும்புக்காரரை மன்னித்துவிட்டேன், அவர் வியாபாரி. உறையூர்ச் சம்பந்தியம்மாவை மன்னிக்க வேண்டியதே இல்லை. அவள் அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்டிராவிட்டால் எனக்கு அந்த வேட்டி ஞாபகத்தில் நின்றிருக்காது. காத்தாயிக்கு வேறு கணக்குகள் இருக்கின்றன, அவை தனி.

வையாபுரி கமிட்டியிலிருந்து விலகிவிட்டான். வடம் பிடிக்க வந்தானா என்று தெரியாது. நான் அவனைத் தேடவில்லை. கண் போன பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். வடத்தின் கடைசியில் ஒரு தோள் எலும்பு தெரிந்தது. அவன்தானா என்று நிச்சயமில்லை. கூட்டம் மறைத்துவிட்டது.

தண்ணீர் ஊற்றியதற்காக இல்லை. அது தெரியாமல் செய்தது, அந்த அம்மாவே சொன்னாள். கூட்டத்தில் தலைமையில் உட்கார்ந்து, என் பிள்ளையைப் பார்த்து, அவசரப்பட்டுவிட்டான் என்று சொன்னதற்கு. அப்புறம் ஒரு வருஷம் என் வாசலில் பாலைக் கொண்டுவந்து வைத்ததற்கு. அந்தப் பாலை நான் நல்ல பால், நல்ல பால் என்று குடித்ததற்கு.

நான் மன்னிக்காத ஆள் இந்த ஊரில் ஒருவன்தான். அம்மா போன பிறகு நான் சோறூட்டி வளர்த்தவன். பெயர் வையாபுரி.